ரவுண்டானா கரிசலாங்கண்ணி

எங்கள் பிளாக்கிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஒரு ரவுண்டானா வரும். நடுவில் விளக்குக் கம்பம், கம்பத்தைச் சுற்றி வட்டமாகப் பசுந்தரை. புல் இல்லை, ஒரு கொடி. தரையோடு தரையாகப் படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விட்டு, கோடை மழை என்று பார்க்காமல் ஆண்டு முழுவதும் பச்சையாகக் கிடக்கும். அங்கங்கே மஞ்சள் பூ. நாங்கள் நெய்வேலிக்கு வந்த காலத்திலிருந்து அது அங்கேதான் இருக்கிறது. யாரும் திரும்பிப் பார்த்ததில்லை, நாய்கள் மட்டும் வெயிலுக்கு வந்து படுக்கும். போன வருடம் திடீரென்று அதற்கு யோகம் அடித்தது. காலையில் நடக்கப் போகிறவர்கள் அது மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று கண்டுபிடித்துவிட்டார்கள். கண்டுபிடித்தது சரிதான் என்று முத்திரை குத்திக் கொடுத்தவள் நான்.

வடலூருக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு கரிசலாங்கண்ணியை மதிக்காமல் இருக்க முடியாது. இந்தப் பக்கத்தில் அது வெறும் கீரை இல்லை, வடலூர்ச் சாமி சொல்லிவிட்டுப் போன ஞான மூலிகை. தைப்பூசத்துக்கு ஒருமுறை போய்வந்தவர்கூட அதைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார். ஈரலுக்கு நல்லது, கண்ணுக்கு நல்லது, முடிக்கு நல்லது, புத்திக்கு நல்லது என்று ஆளுக்கொன்று சேர்த்துக்கொண்டே போவார்கள். புத்திக்கு நல்லது என்பதை மட்டும் நான் நம்புவதில்லை. சாப்பிட்டவர்களைப் பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளைப் பூக் கரிசலாங்கண்ணி சாக்கடை ஓரத்தில்கூட முளைக்கும். மஞ்சள் பூ அப்படி இல்லை. வரப்பு, வாய்க்கால் கரை என்று ஈரம் நிற்கிற இடம் தேடித்தான் வளரும். லேசில் கிடைக்காது என்பதால் மரியாதை இன்னும் அதிகம். அப்படிப்பட்ட மூலிகை எங்கள் ரவுண்டானாவிலேயே, கேட்பாரில்லாமல், சும்மா கிடைக்கிறது என்றால் எப்படி இருக்கும்? நகரியத்துக்காரர்களுக்கு 'சும்மா' என்ற சொல் காதில் விழுந்தால் போதும். வீடு குவார்ட்டர்ஸ், வைத்தியம் நகரியத்து ஆஸ்பத்திரி, தண்ணீருக்கும் கரண்டுக்கும் சம்பளத்தில் பெயருக்கு ஒரு பிடித்தம் என்று வாழ்ந்து பழகிய ஜனம் நாங்கள். கடையில் விலை கொடுத்து வாங்குகிற எதன் மேலும் எங்களுக்கு ஒரு சந்தேகம் உண்டு. சும்மா கிடைப்பதன் மேல் அந்தச் சந்தேகம் வந்ததே இல்லை.

நடைக்குழுவுக்கு ஒரு தலைவர் இருக்கிறார். சுரங்கத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, நகரியத்துக்கு வெளியே வடக்குத்து கிராமத்தில் இரண்டு மாடி வீடு கட்டிக்கொண்டு போனார். போனவர் அங்கேயே நடக்கலாம் இல்லையா? நடக்க மாட்டார். நகரியத்து நிழல் இல்லாமல் அவருக்குக் கால் எழும்பாது. தினமும் காலையில் ஸ்கூட்டரில் வந்து, அதை வாகை மரத்தடியில் நிறுத்திவிட்டு, நான்கு சுற்று நடந்து, மறுபடி ஸ்கூட்டரில் ஏறி வீட்டுக்குப் போவார். வாட்ஸாப்பில் ஒரு குழு. அதில் யார் வந்தார், யார் வரவில்லை என்று இன்றைக்கும் ஷிப்ட் அட்டெண்டன்ஸ் எடுக்கிறார். எடுக்கட்டும், யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் நானும் இருந்தேன்.

அன்று காலை நான் பால் வாங்கிக்கொண்டு வந்தேன். ரவுண்டானாவில் ஏழெட்டுப் பேர் குனிந்து நின்றார்கள். யாரோ சாவியைத் தொலைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். கிட்டே போனால், தலைவர் கைபேசியை ஒரு இலைக்கு மேல் பிடித்துக்கொண்டிருக்கிறார். செடியைப் படம் பிடித்தால் பெயர் சொல்லுகிற செயலியாம், வெளிநாட்டில் இருக்கும் மகள் போட்டுக் கொடுத்ததாம். செயலியை நான் குறை சொல்ல மாட்டேன். அது பாவம், நான்கு பெயர்களை வரிசையாகக் காட்டியது. முதலாவதுதான் அநேகமாகச் சரியாக இருக்கும் என்றும் சொன்னது. முதலாவது ஏதோ வெளிநாட்டு அலங்காரச் செடியின் பெயர். அது தலைவருக்கு ருசிக்கவில்லை. இரண்டாவதைத் தொட்டுப் பார்த்தார், தமிழில் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று வந்தது. அதைப் பிடித்துக்கொண்டார். அக்காவைப் பெண் பார்க்கப் போய்த் தங்கையைக் கட்டிக்கொண்டு வந்த மாதிரி.

"டீச்சரே வர்றாங்க, அவங்ககிட்டயே கேட்டுடுவோம்" என்றார் ஒருவர்.

நான் இங்கே மேல்நிலை வகுப்புகளுக்குத் தாவரவியல் நடத்தியவள். முப்பது வருடம் சூரியகாந்திக் குடும்பத்தைக் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். செய்முறைத் தேர்வுக்கு வருடா வருடம் ஒரே பூதான், பள்ளிக்கூடச் சுவரோரம் கிடைக்கிற வெட்டுக்காயப் பூண்டு. அதைப் பிய்த்து, வட்டப் பூ இது, கதிர்ப் பூ இது என்று காட்டினால் மதிப்பெண். காட்டில் எது வளர்கிறது, வாய்க்காலில் எது வளர்கிறது என்று பாடத்திட்டமும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகு என்னிடமும் யாரும் எதையும் கேட்டதில்லை. சிலிண்டர் வந்துவிட்டதா, தண்ணீர் நின்றுவிட்டதா, இவ்வளவுதான். அன்றைக்கு ஏழெட்டுப் பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

குனிந்து பார்த்திருக்க வேண்டும். ஒரு இலையைக் கிள்ளி விரலால் தடவியிருக்க வேண்டும். இரண்டும் செய்யவில்லை. முட்டி வலி என்று இன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம், பொய். தலைவர் நீட்டிய கைபேசியில், வெயில் பட்டுப் பளபளத்த திரையில், ஒரு மஞ்சள் பூவைப் பார்த்தேன்.

"சூரியகாந்திக் குடும்பம். நடுவுல வட்டப் பூ, ஓரத்துல கதிர்ப் பூ. ஆமா, அதேதான்" என்றேன்.

எனக்கு அன்று நடந்து வந்த வழியெல்லாம் ஒரு மிதப்பு. பால் பையைச் சுழற்றிக்கொண்டு வந்தேன் என்று என் கணவர் இன்றும் சொல்லிக் காட்டுகிறார்.

ஒரு வாரத்தில் ரவுண்டானாவில் பிளெக்ஸ் தட்டி எழும்பியது. மேலே மஞ்சள் பூவின் பெரிய படம். கீழே அதன் நற்குணங்கள், ஒன்று விடாமல். அதற்கும் கீழே, 'அடையாளம் கண்டவர்: ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியை' என்று ஒரு வரி. நல்லவேளை, புகைப்படம் போடவில்லை. போட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேனா என்று கேட்காதீர்கள்.

அதன் பிறகு அந்த ஜனம் ஆடிய ஆட்டத்தைச் சொல்லி மாளாது. காலையில் கை வீசி வந்தவர்கள் திரும்பும்போது துணிப்பை நிறையக் கொண்டுபோனார்கள். மந்தாரக்குப்பத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். அரைத்துத் தோசை வார்த்தார்கள், காய்ச்சி எண்ணெய் எடுத்தார்கள், வெறும் வயிற்றில் சாறு குடித்தார்கள். குடித்த மறுநாளே கண்ணாடி போடாமல் பேப்பர் படித்ததாக ஒருவர் குழுவில் எழுதினார். இன்னொருவருக்குப் பத்து வருட மூட்டு வலி போய்விட்டதாம், அவர் எழுதிய அன்றுதான் ஆஸ்பத்திரி வரிசையில் மூட்டு வலி மாத்திரைக்கு நின்றதை நான் பார்த்தேன். அந்த ரவுண்டானாவுக்குத் தண்ணீர் விடுகிற காண்ட்ராக்ட் பெண் ஒருத்தி, "அது அழகுக்கு வெச்சதுங்க, திங்கறதுக்கு இல்லீங்க" என்று சொல்லிப் பார்த்தாளாம். காண்ட்ராக்ட் ஆள் சொல்லிப் பெர்மனெண்ட் ஆள் கேட்டதாக எங்கள் ஊரில் சரித்திரம் இல்லை. ஓய்வு பெற்ற பெர்மனெண்ட் கேட்கவே மாட்டார்.

இந்த இடத்தில் கீரைக்காரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவருக்கு வடக்குத்து. என் வயதுதான் இருக்கும், ஒன்றிரண்டு கூடக் குறைய. வாரத்தில் நான்கு நாள் காலையில் எங்கள் பிளாக் முனையில், பாதாம் மரத்தடியில், கோணிச் சாக்கை விரித்து உட்காருவார். அரைக்கீரை, முளைக்கீரை, முருங்கை எல்லாம் இருக்கும். ஆனால் அவரைத் தேடி மற்ற பிளாக்கிலிருந்து ஆள் வருவது செவ்வாயும் வெள்ளியும் அவர் கொண்டுவரும் மஞ்சள் கரிசலாங்கண்ணிக்காகத்தான். சுரங்கத்திலிருந்து இறைத்துவிடுகிற தண்ணீர் ஓடும் வாய்க்கால் அவர் ஊர்ப் பக்கமாகப் போகிறது. அந்த வாய்க்கால் கோடையிலும் வற்றாது, அதன் கரையில் இந்தக் கீரையும் வாடாது. விடிந்ததும் போய் முழங்கால் சேற்றில் நின்று பறித்து வருவார். அவருடைய பிழைப்பு எங்கள் பிளாக்கும் பக்கத்து இரண்டு பிளாக்கும்தான். இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். நேரில் 'ஏம்மா, வா, குடு' என்றுதான் பேசிவந்தேன். அவர் எனக்கு 'டீச்சரம்மா' போட்டு 'ங்க' சேர்ப்பார்.

நான் அவரிடம் அந்தக் கீரையை எத்தனையோ வருடமாக வாங்கியிருக்கிறேன். வேரைக் கிள்ளி, அலசி, பொடியாக நறுக்கி, பருப்போடு கடைந்து போட்டிருக்கிறேன். தாவரவியல் படித்தவள், பாடம் நடத்தியவள், என் அரிவாள்மணையில் நறுக்கிய இலை எந்த வடிவத்தில் இருந்தது என்று ஒருநாள் பார்த்ததில்லை. ஊரைப் பற்றி இவ்வளவு இளக்காரமாக எழுதுகிறேனே, இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தட்டி எழும்பி இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை பாதாம் மரத்தடியில் கீரைக்காரம்மா உட்கார்ந்திருந்தார். மணி ஒன்பதாகியும் மஞ்சள் கரிசலாங்கண்ணிக் கட்டுகள் அடுக்கினபடியே இருந்தன. வழக்கமாக எட்டு மணிக்கே சாக்கு வெறுமையாகிவிடும்.

"என்னம்மா, இன்னைக்கு யாரும் வரலையா?"

"வராங்கங்க. பாத்துட்டுப் போறாங்க. இது அது இல்லன்றாங்க."

"எது இல்லையாம்?"

"கரிசலாங்கண்ணி இது இல்லியாம். ஏதோ களைய பறிச்சிகினு வந்து இத்தினி வருஷமா ஏமாத்திகினு இருந்தேனாம். ரவுண்டானால இருக்கறதுதான் நெசமாம்." கீழே பார்த்தபடி சொன்னார். "டீச்சரம்மாவே சொல்லிட்டாங்கன்றாங்க."

நான் வெடுக்கென்று, "ரெண்டும் ஒண்ணுதான்மா, அவங்களுக்குத் தெரியல" என்றேன். எதையாவது சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறவள் குரல் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது என் குரல்.

அவர் சாக்குக்கு அடியிலிருந்து ஒரு தண்டை எடுத்தார். ரவுண்டானாவிலிருந்து பறித்தது, வரும் வழியில் கிள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். தன் கட்டிலிருந்து ஒன்றை உருவி, இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்தார்.

"தடவிப் பாருங்க."

தடவினேன். அவருடையது சொரசொரவென்று இருந்தது. இலை நீளமாக, ஒடுக்கமாக, ஒரே இலையாக, ஓரத்தில் வெட்டு என்று சொல்ல ஒன்றும் இல்லாமல் இருந்தது. மற்றது வழவழப்பு, தடிப்பு, ஒரு மினுமினுப்பு. அந்த இலை நுனிப் பக்கம் மூன்றாகப் பிரிந்து நின்றது.

"கோழிக்கால் மாதிரி பிரிஞ்சிகினு இருக்குதுங்களா? நம்மது பிரியாதுங்க. பூவும் அதுல தடியா, பெருசா இருக்கும். எங்க ஊர்ல அத மாடு மோந்து பாத்துட்டுப் போயிடும், வாய் வெக்காது."

இவ்வளவுதான் விஷயம். பத்து விநாடி. கண் தெரிகிற யாரும், விரல் இருக்கிற யாரும் பார்த்துச் சொல்லக்கூடியது. நான் வீட்டுக்கு வந்து பழைய புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எதற்குப் பார்த்தேன் என்றால் அவர் சொன்னது தப்பாக இருக்காதா என்ற ஆசையில். புத்தகமும் கீரைக்காரம்மா சொன்னதைத்தான் சொன்னது, கொஞ்சம் லத்தீன் கலந்து. இவருடையது இந்த மண்ணின் செடி. ரவுண்டானாவில் இருப்பது கடல் கடந்து அழகுக்கு வந்த அதன் ஒன்றுவிட்ட உறவு. இரண்டும் படரும், இரண்டும் எப்போதும் பச்சை, இரண்டிலும் மஞ்சள் பூ. எனக்கு நல்ல கோபம் வந்தது. முதலில் செயலி மேல், பிறகு தலைவர் மேல், அவருடைய வெளிநாட்டு மகள் மேல்கூட. என் மேல் வருவதற்குச் சாயங்காலம் ஆயிற்று.

அடுத்த செவ்வாய்க்கிழமை கீரைக்காரம்மா கேட்டே விட்டார்.

"டீச்சரம்மா, நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா போதுங்க. நான் சொன்னா வேவாரத்துக்குச் சொல்றேன்றாங்க. இந்த மூணு பிளாக்கு போச்சின்னா எனக்கு வேற எடம் கெடையாதுங்க."

"சொல்றேம்மா. நேரம் பாத்துச் சொல்றேன்" என்றேன்.

நேரம் பார்த்தேன். மூன்று வாரம் பார்த்தேன். இந்த மூன்று வாரத்துக்கு என்னிடம் நியாயமான காரணம் ஒன்றும் இல்லை. காலையில் பால் வாங்கப் போனால் நடைக்குழுவினர் நின்று வணக்கம் சொன்னார்கள். "டீச்சர், எங்க வீட்டுத் தொட்டியில ஒண்ணு முளைச்சிருக்கு, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று வீட்டுக்குக் கூப்பிட்டுக் காபி கொடுத்தார்கள். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தவளுக்கு அந்தக் காபி எவ்வளவு ருசி என்று உங்களுக்குத் தெரியாது. அந்த ஜனத்தை மனசுக்குள் முட்டாள்கள் என்று திட்டிக்கொண்டே, அவர்கள் கொடுத்த காபியைக் குடித்தேன். பாதாம் மரத்தடிப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு பால் பூத்துக்குப் போனேன்.

என் கணவருக்கும் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். சுரங்கத்தில் ஷிப்ட் பார்க்கிறவர், இன்னும் இரண்டு வருடம் சர்வீஸ் இருக்கிறது. "தப்புன்னா தப்புன்னு சொல்லிட்டுப் போயேன், இதுல என்ன?" என்றார். சொல்வது அவ்வளவு சுலபம் என்றால் அவர் ஏன் தன் ஃபோர்மேனிடம் இருபது வருடமாக ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன். அன்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. நடைக்குழு ரவுண்டானா அருகில் இலவச மூலிகைச் சாறு விழா நடத்தியது. மேசை, மேசை மேல் வெள்ளைத் துணி, துணி மேல் எவர்சில்வர் டிரம். பக்கத்தில் அடுக்கடுக்காக டம்ளர். தட்டிக்கு மாலை போட்டிருந்தார்கள். முதல் டம்ளரை நான்தான் எடுத்துக் கொடுத்துத் தொடங்கி வைக்க வேண்டும் என்று முந்தின நாளே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அறுபது எழுபது பேர் கூடியிருந்தார்கள். டிரம்முக்குள் எட்டிப் பார்த்தேன். கடும்பச்சை, மேலே நுரை. அதைக் குடிக்கப் போகிறவர்களில் கர்ப்பிணி ஒருத்தியும் நின்றாள். அவளைப் பார்த்ததும்தான் எனக்கு வாய் திறந்தது என்று சொன்னால் நன்றாக இருக்கும். உண்மை என்னவென்றால், கூட்டத்தில் என் கணவர் நின்றுகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது மஞ்சள் கரிசலாங்கண்ணி இல்ல" என்றேன். "நான் சரியாப் பாக்காம சொல்லிட்டேன். இது அழகுக்கு வளக்கிற வெளிநாட்டுச் செடி. தின்னா என்ன செய்யும்னு எனக்குத் தெரியாது. யாரும் குடிக்காதீங்க. கர்ப்பமா இருக்கறவங்க தொடவே தொடாதீங்க. நம்ம கீரைக்காரம்மா கொண்டு வர்றதுதான் நிஜம்."

தலைவர் சிரித்தார். சின்னப் பிள்ளை உளறினால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

"டீச்சர், நீங்கதான இது அதே குடும்பம்னு சொன்னீங்க?"

"குடும்பம் ஒண்ணா இருந்தா செடி ஒண்ணாயிடுமா சார்? உருளைக்கிழங்கும் ஊமத்தையும் ஒரே குடும்பந்தான்."

"அப்ப உருளைக்கிழங்கு சாப்பிடலாம்ல?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்த ஒரு சிரிப்பில் என் முப்பது வருடப் பாடம் காலி. "நான் ஒரு மாசமா குடிக்கிறேன், எனக்கு என்ன ஆச்சு?" என்றார் ஒருவர். "தட்டியிலயே போட்டிருக்கே" என்றார் இன்னொருவர். தட்டியில் போட்டிருப்பது என்னைத்தான், அதை நான்தான் இல்லை என்கிறேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஒரு அம்மாள் என் கையைப் பிடித்து, "வெயில்ல நிக்காதீங்க டீச்சர், பிரஷர் இருக்கில்ல உங்களுக்கு" என்று நிழலில் உட்காரவைத்தார். எனக்குப் பிரஷர் கிடையாது. கர்ப்பிணிப் பெண் மட்டும் தன் கையிலிருந்த டம்ளரை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். போகும்போது என்னைப் பார்க்கவில்லை, தலைவரையும் பார்க்கவில்லை. முதல் டம்ளரைத் தலைவரே எடுத்துக் குடித்தார், கைதட்டினார்கள்.

நான் ஆமா என்று சொன்னபோது ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. இல்லை என்று சொன்னபோது ஆளாளுக்குச் சாட்சி கேட்டார்கள்.

இருந்தாலும் சொல்லிவிட்டேனே என்று ஒரு நிம்மதி. என்னை நானே மெச்சிக்கொண்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமைக்காகக் காத்திருந்தேன். அன்று சுற்றிக்கொண்டு போகாமல் நேராகப் பாதாம் மரத்தடிக்குப் போனேன். கீரைக்காரம்மாவைச் சுற்றி நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். வியாபாரம் திரும்பிவிட்டது, நான் சொன்னது எடுபட்டுவிட்டது என்று மனசு துள்ளியது. அவர்கள் வாங்கிக்கொண்டு நகரும்வரை நின்றேன்.

"சொல்லிட்டேம்மா. ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்."

"கேள்விப்பட்டேங்க" என்றார். கை கட்டு கட்டிக்கொண்டே இருந்தது. "நல்லதுங்க."

அப்போதுதான் சாக்கைப் பார்த்தேன். அரைக்கீரை இருந்தது, முளைக்கீரை இருந்தது. அதன் பக்கத்தில் வரிசையாக அடுக்கியிருந்த கட்டுகளில் இலை மினுமினுத்தது. வழவழப்பான இலை, நுனியில் மூன்றாகப் பிரிந்த இலை.

"இது அது இல்லியே" என்றேன்.

"இல்லீங்க."

"தெரிஞ்சேவா விக்கிற?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"மூணு வாரம் வெச்சிகினு உக்காந்திருந்தேங்க. சீண்ட ஆள் இல்ல. மாட்டுக்குப் போட்டேன். இங்க இவங்களுக்குக் குனிஞ்சு பறிக்க முட்டி வலிக்குது, வெயிலு ஆவல. பறிச்சுக் கட்டிக் குடுத்தா வாங்கிக்கிறாங்க. நான் பேரே சொல்றதில்லீங்க. அவங்களே டீச்சர் சொன்ன கீரைன்னு கேட்டு வாங்கிகினு போறாங்க."

"நான்தான் இல்லன்னு சொல்லிட்டனே."

"நீங்க மொதல்ல சொன்னதுதாங்க நிக்குது."

சாக்கின் பின்பக்கம் அவருடைய ஒயர்க்கூடை இருந்தது. அதற்குள் ஈரத் துணியில் சுற்றி ஒரே ஒரு கட்டு, நீள இலை, சேறு இன்னும் காயாத வேர். வாய்க்கால் கரையிலிருந்து வந்தது.

"அதக் குடும்மா எனக்கு. நான் அதான் வாங்குவேன்."

அவர் கூடையைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார். முரட்டுத்தனமாக இல்லை, சாதாரணமாக, காலுக்கு இடைஞ்சலாக இருப்பதை நகர்த்துவது போலத்தான் நகர்த்தினார்.

"அது எங்க வூட்டுக்குங்க, டீச்சரம்மா" என்றார். அடுக்கிலிருந்து ஒரு கட்டை எடுத்து நீட்டினார். "உங்களுக்கு இது இருக்குதுங்களே."

காசைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.